படகில் எத்தனை ஆத்மாக்கள்?

1

நாங்கள் படகில் குடியேறி இந்த மாதத்தோடு ஒரு வருஷம் முடிகிறது. நானும் என் மனைவி வளர்மதியும் எட்டு வயது மகள் ஓவியாவும் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்தில், ஒரு படகுத்துறையில் கட்டிப்போட்ட பாய்மரப் படகுக்குள் சமைத்து, சாப்பிட்டு, தூங்கி எழுகிறோம். புதுக்கோட்டையில் என்னோடு பாலிடெக்னிக் படித்த நண்பர்களிடம் சொன்னால் ஆலப்புழைப் படகு வீட்டை நினைத்துக்கொண்டு, "குடுத்து வச்சவன்டா" என்கிறார்கள். அது அப்படி இல்லை. கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தொடும். உப்புக் காற்றில் துணி காயாது. குளிக்க வேண்டுமென்றால் துண்டை எடுத்துக்கொண்டு மரப்பாலம் முழுக்க நடந்து கரையில் உள்ள பொதுக் குளியலறைக்குப் போக வேண்டும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு இருப்பது வேறு கஷ்டம். நான் மீமிசல்காரன். மீன்பிடிக் குடும்பம். எனக்குக் கடல் என்றால் பயம்.

கடலோரத்தில் பிறந்தவனுக்கு என்ன பயம் என்று கேட்பார்கள். கடலோரத்தில் பிறந்ததால்தான் பயம். நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது என் அண்ணன் காளிமுத்து ஒரு ஐப்பசி மாதம் வலைக்குப் போனான். காற்று மாறியது. அவனோடு போனவரை வேறு படகுக்காரர்கள் தூக்கி வந்தார்கள். அண்ணன் வரவில்லை. ஆத்தா கரையில் உட்காராமல் நின்றாள். யார் இழுத்தும் வரவில்லை. கடைசியில் தானாகத் திரும்பி வீட்டுக்கு நடந்தாள். அதன்பிறகு அவள் கடலோரம் போனதே இல்லை. மிச்சமிருந்த இரண்டு பிள்ளைகளையும் கடலுக்கு விடவில்லை. தம்பி பாண்டி ஐஸ் லாரி ஓட்டுகிறான். நான் லிஃப்ட் மெக்கானிக் ஆனேன். சிங்கப்பூரில் கொஞ்ச காலம், பிறகு இங்கே. நாற்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் ஓடும் குழிக்கு மேலே நின்று வேலை பார்த்திருக்கிறேன். கால் கூசியது இல்லை. படகுத்துறை மரப்பாலத்தில் நடக்கும்போது கூசும்.

2

படகு ஆசை வளர்மதியுடையது. அவள் குடுமியான்மலைப் பக்கத்துக்காரி. காதல் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்பு அவள் கடலைப் பார்த்ததே இல்லை. அவள் ஊரில் கண்மாய் நிறைவதே சில வருஷங்களுக்கு ஒருமுறை. தண்ணீர் என்றால் அவளுக்கு நல்ல செய்தி மட்டும்தான்.

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சுவரெல்லாம் பூஞ்சை பூத்து, ஓவியா குளிர்காலம் முழுவதும் இருமினாள். வீட்டுக்காரர் வேறு வீட்டை விற்கப்போவதாகச் சொல்லிவிட்டார். மதி அப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். அங்கே ஒரு பெரியவர் தன் வாழ்நாளில் பாதியைப் படகில் கழித்தவர். அவர் பேசப் பேச இவளுக்கு ஆசை வந்துவிட்டது. என்னிடம் சொல்லாமலே வாரக் கடைசியில் பாய்மரப் படகு ஓட்டும் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். சான்றிதழ் வாங்கிய பிறகுதான் சொன்னாள்.

"ஏங்க, ஒரு பழைய படகு வாங்கி அதுலயே குடியிருப்போமே. ஒங்களுக்குத் தெரியாத கடலா?"

"தெரிஞ்சதுனாலதான் சொல்றேன். வேணாம்."

"எங்க ஊர்ல தண்ணி வந்தா பொங்க வப்போம். நீங்க என்னடான்னா தண்ணியப் பாத்து மூஞ்சிய திருப்பிக்கிறீங்க. சும்மா பாக்கத்தான் போவோம், வாங்க."

பார்க்கப் போனேன். என் மனதில் இருந்த திட்டம் எளிமையானது: எந்தப் படகைக் காட்டினாலும் ஒரு குறை கண்டுபிடித்துவிடுவது.

முதல் படகு பளபளவென்று இருந்தது. தேக்கு நிறத்தில் உள்வேலை, புது மெத்தைகள், வாசனைத் தெளிப்பான் வேறு. மதி மெத்தையில் உட்கார்ந்து சிரித்தாள். நான் தரைப்பலகையைத் தூக்கினேன். அடியில் தண்ணீர் நின்றது. விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. மழைத் தண்ணீர் என்றால் மேலே எங்கேயோ ஒழுகுகிறது, சமாளிக்கலாம். உப்புத் தண்ணீர் என்றால் கடல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. விற்பனைக்காரர் வேறு பக்கம் பார்த்தார்.

இரண்டாவது படகில் உள்ளே எல்லாம் நன்றாக இருந்தது. பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பி வடங்களைப் பார்த்தேன். இது என் தொழில். லிஃப்ட் வடத்தில் ஒரு இழை அறுந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பருத்தித் துணியை வடத்தோடு சுற்றி உருவினால் அறுந்த இடத்தில் நூல் மாட்டும். கைக்குட்டையைச் சுற்றி உருவினேன். கீழ்முனைக்குக் கொஞ்சம் மேலே மாட்டியது. பலத்த காற்றில் அந்த வடம் போனால் மரம் முறிந்து தலையில் விழும் என்றேன். மதி இறங்கினாள்.

இப்படியே சில வாரங்கள். ஒரு படகில் மேல்தளம் கால் வைத்தால் அமுங்கியது. இன்னொன்றில் எஞ்சின் எண்ணெயில் தண்ணீர் கலந்து, பால் கலந்த தேநீர் மாதிரி இருந்தது. மதிக்கு என்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. "எங்க வீட்டுக்காரர் கடல்ல பொறந்தவர். அவருக்குத் தெரியாம எதுவும் தப்பாது" என்று ஃபோனில் யாரிடமோ பெருமையாகச் சொன்னாள்.

கடைசியாகப் பார்த்தது முப்பத்தோரு அடிப் படகு. என் வயதைவிடப் பழையது. மெத்தையெல்லாம் வெளுத்துப்போய், அடுப்பில் துரு, அழகென்று சொல்ல ஒன்றும் இல்லை. தரைப்பலகையைத் தூக்கினேன். தூசிதான் இருந்தது. கைக்குட்டை எல்லா வடத்திலும் வழுக்கிக்கொண்டு வந்தது. கரையில் தூக்கி வைத்து, கூலிக்கு வந்த பரிசோதகர் சின்னச் சுத்தியலால் அடிப்பாகம் முழுக்கத் தட்டினார். அவர் பின்னாலேயே போய் ஒவ்வொரு தட்டையும் காது கொடுத்துக் கேட்டேன். ஊறிப்போன இடத்தில் தொப்பென்று கேட்கும். ஒரு இடத்திலும் கேட்கவில்லை. சுக்கானைப் பிடித்து ஆட்டினேன். அசையவில்லை.

மதி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவள் அங்கேயே, அந்தப் பரிசோதகர் முன்னாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

3

குடியேறிய பிறகு வந்த முதல் தொல்லை முகவரி. ஓவியாவின் பள்ளிக்கு எந்தத் தெருவில் குடியிருக்கிறோம் என்பதற்குச் சான்று வேண்டும். தெரு இல்லை. எழுத்தர் அம்மா ஃபோனில் கேட்டபோது, "எஃப் பியர், பெர்த் டொன்டி டூ" என்றேன். பியர் என்றால் மரப்பாலம், பெர்த் என்றால் அதில் படகு கட்டும் இடம். ரயிலில் நமக்குத் தெரிந்த அதே பெர்த். அந்த அம்மா, பிள்ளையின் பிறந்த தேதியைச் சொல்கிறேன் என்று நினைத்து, "டொன்டி டூ ஆஃப் வாட்?" என்று கேட்டார். நான் மறுபடியும் "பெர்த்" என்றேன். அவர் மறுபடியும் "யெஸ், விச் மன்த்?" என்றார். கடைசியில் ஓவியா ஃபோனை என் கையிலிருந்து வாங்கி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். கொடுக்கும்போது, "Dad, you say it wrong" என்று சொல்லவில்லை. கண்ணால் மட்டும் சொன்னாள். அவளுக்குத் தமிழ் புரியும். எங்களுக்குப் பதில் இங்கிலீஷில்தான் வரும், அப்பத்தாவிடம் மட்டும் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவாள். படகுத்துறைப் பிள்ளைகளோடு சேர்ந்து வெறுங்காலோடு ஓடுகிறாள். கயிற்றில் விதவிதமாக முடிச்சுப் போடுகிறாள். என் அண்ணன் போட்ட முடிச்சுகளில் ஒன்றை அவள் போடுவதைப் பார்த்து எழுந்து வெளியே போயிருக்கிறேன்.

பள்ளி முகவரியைவிடப் பெரிய சிக்கல் ஆத்தாவுக்குச் சொல்லும் முகவரி. நாங்கள் படகில் இருப்பதை ஆத்தாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? துறைமுகத்துக்குப் பக்கத்தில் சின்ன வீடு என்று சொல்லிவைத்தோம். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பென்றால் மூன்று பேரும் கரையில் உள்ள சலவை அறைக்குப் போய் வெள்ளைச் சுவரில் சாய்ந்துகொள்வோம். பின்னால் இயந்திரத்தில் யாருடைய துணியாவது சுற்றிக்கொண்டிருக்கும். "எப்பப் பாத்தாலும் துணி தொவைக்கிறீகளே" என்பாள் ஆத்தா.

இரவில் தூக்கம் வராது. எங்கள் படகில் இல்லாவிட்டாலும் பக்கத்துப் படகுகளில் கயிறு மரத்தில் மோதி டிங் டிங் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். எழுந்து தரைப்பலகையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்ப்பேன். காய்ந்து கிடக்கும். படுப்பேன். மறுபடி எழுவேன். மதியும் ஓவியாவும் விடுமுறை நாட்களில் படகை ஓட்டிக்கொண்டு துறைமுகத்துக்குள் சுற்றி வருவார்கள். அப்போதெல்லாம் பக்கத்துப் படகில் தனியாகக் குடியிருக்கும் ஹெலன் என்ற எழுபது வயது அம்மையாரும் கூடப் போவார். நான் ஒருமுறையும் போகவில்லை. வேலை இருக்கிறது என்பேன். கட்டிப்போட்ட படகில் குடியிருப்பது ஒன்று. கயிற்றை அவிழ்ப்பது வேறு.

4

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று அவசர அழைப்பு. போய்விட்டேன். மதியத்தில் மதியிடமிருந்து செய்தி: "ஹெலனுக்கு முட்டி வலி. நானும் ஓவியாவும் மட்டும் போறோம். எதிர்த்தாப்புல இருக்குற தீவு வரைக்கும்தான். நாலு மணிக்குள்ள வந்துருவோம்."

நான் திரும்பியபோது மூன்றரை. மரப்பாலத்தில் நடக்கும்போதே காற்று மாறியது தெரிந்தது. நம் ஊரில் வாடை வடக்கேயிருந்து குளிரைக் கொண்டுவரும். இங்கே எல்லாம் தலைகீழ். குளிர் தெற்கேயிருந்து வரும். காலையில் ரேடியோவில் இரவுக்குத்தான் வரும் என்று சொன்ன தெற்குக் காற்று, முன்னாலேயே வந்துவிட்டது. கம்பி வடங்கள் ஊளையிட்டன. எங்கள் இடம் காலியாக இருந்தது. மின்சார வயரும் தண்ணீர்க் குழாயும் பலகை மேல் சுருண்டு கிடந்தன. காலைவரை வீடு இருந்த இடத்தில் கறுப்புத் தண்ணீர் எழும்பி எழும்பி விழுந்தது.

ஃபோன் அடித்தேன். அணைந்திருந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி.

ஹெலன் தன் படகிலிருந்து நொண்டிக்கொண்டு வந்தார். என் முகத்தைப் பார்த்து, "ஷீ வில் பி ரைட்" என்றார். எல்லாம் சரியாகிவிடும் என்று இந்த நாட்டில் எதற்கும் சொல்லும் வார்த்தை அது. குழாய் ஒழுகினாலும் அதுதான், வண்டி நின்றாலும் அதுதான். 'ஷீ' என்பது யாரையும் குறிப்பதில்லை. எனக்கு அன்று அது மதியைக் குறித்தது. "ஹவ் டு யு நோ?" என்று அந்த அம்மையாரிடம் கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கடலோர மீட்புக் குழுவின் எண்ணை என் ஃபோனில் போட்டுக் கொடுத்தார்.

மறுமுனையில் ஒரு இளைஞர் அமைதியாகப் பேசினார். படகின் பெயர், நிறம், நீளம் எல்லாம் கேட்டார். சொன்னேன். பிறகு கேட்டார்:

"ஹவ் மெனி சோல்ஸ் ஆன் போர்டு?"

எத்தனை ஆத்மாக்கள். ஆட்களை எண்ண அவர்கள் அப்படித்தான் கேட்பார்களாம். பழைய கப்பல் வழக்கம். எனக்குத் தெரியாது. நம் ஊரில் ஆத்மா என்ற சொல்லை எங்கே பார்த்திருக்கிறோம்? முச்சந்தியில் கட்டிய பேனரில், மாலை போட்ட படத்துக்குக் கீழே. அண்ணன் படத்துக்குக் கீழே அடித்த சொல் அது. அவர் மறுபடியும் கேட்டார். "டூ" என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் அது நடந்துவிடும் போலிருந்தது. ஹெலன் ஃபோனை வாங்கி, "டூ. எ மதர் அண்ட் ஹெர் டாட்டர்" என்றார்.

ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அழைப்பதாகச் சொல்லி அந்த இளைஞர் வைத்தார்.

5

பாலத்தின் நுனிக்குப் போனேன். வெளியே கடல் சாம்பல் நிறத்தில் நுரைத்துக்கொண்டிருந்தது. ஒரு பாயும் தெரியவில்லை. உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே இருக்கிறேன் என்பது திடீரென்று உறைத்தது. உடனே ஆத்தாவை அழைத்தேன். ஏன் அழைத்தேன் என்று இன்றுவரை எனக்கு விளக்கத் தெரியவில்லை. மீமிசலில் அப்போது காலை.

"என்னப்பா முருகேசு, இந்நேரத்துல?"

"ஆத்தா... மதியும் புள்ளையும் படகுல போயிருக்காக. காத்து மாறிருச்சு. போன் கெடைக்கல."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எந்தப் படகுல? நீங்க குடியிருக்குற படகுலயா?"

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"தையிலயே ஓவியா சொல்லிருச்சு. 'அப்பத்தா, எங்க வீடு ஆடும், ஒங்க வீடு ஏன் ஆடல'ன்னு கேட்டுச்சு. ஆடுற வீடு எதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

"அப்ப ஏன் ஆத்தா எங்கிட்டக் கேக்கல?"

"நீயே பயந்துதான மறைக்கிற. நானும் கேட்டா இன்னும் பயந்துருவ. அதான் கம்முனு இருந்தேன். பொழுது அடைஞ்சா வெளக்கப் பொருத்தி வச்சுட்டு உக்காந்துருவேன். பாண்டி பொண்டாட்டி ஏன் அத்தேன்னு கேக்கும். கால் வலின்னுருவேன்."

தை மாதத்திலிருந்து ஒவ்வொரு மாலையும். நாங்கள் வெள்ளைச் சுவரில் சாய்ந்து சிரித்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும்.

"போன வச்சுராத" என்றாள். "எதுனாச்சும் பேசு. பேசலேன்னாலும் சரி, வச்சுராத."

பேசவில்லை. அவளும் பேசவில்லை. என் பக்கம் காற்றும் அவள் பக்கம் தெருவில் போகும் மோட்டார் சைக்கிள்களும் கேட்டன. எவ்வளவு நேரம் என்று தெரியாது. இருட்டத் தொடங்கியபோது வேறொரு அழைப்பு குறுக்கே வந்தது. ஆத்தாவைக் காக்க வைத்துவிட்டு எடுக்கப் போனேன். விரல் தவறி அந்தப் புது அழைப்பைத் துண்டித்துவிட்டேன். மறுபடி வந்தது.

அந்த இளைஞர்தான். ரேடியோவில் மதி கிடைத்துவிட்டாள். தீவின் வடக்குப் பக்கம், காற்று மறைவான ஒரு வளைவில் நங்கூரம் போட்டிருக்கிறாள். இரண்டு பேரும் நலம். மீட்புப் படகு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காற்று தணிந்ததும் காலையில் வருவாளாம். சமையல் நடக்கிறதாம்.

ஆத்தாவிடம் திரும்பி வந்து சொன்னேன். அவள் "சரிப்பா" என்றாள். அழைப்பு அறுந்தது. அவள்தான் வைத்தாள் போலிருக்கிறது. அதன்பிறகு அன்று முழுவதும் எடுக்கவில்லை.

அன்று இரவு எனக்கு வீடு இல்லை. என் போர்வை, தலையணை, மாற்றுச் சட்டை, எல்லாம் தீவில் இருந்தன. ஹெலன் தன் படகில் படுக்கச் சொன்னார். முடியாது என்றேன். சலவை அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

6

காலையில் காற்று விழுந்துவிட்டது. எங்கள் படகு எஞ்சினை மட்டும் போட்டுக்கொண்டு மெதுவாக வந்தது. மதி கயிற்றை வீசினாள். பிடித்து, கட்டினேன். ஓவியா குதித்து இறங்கி, டால்பின் பார்த்தோம் என்று இங்கிலீஷில் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, ஹெலனிடம் சொல்ல ஓடினாள்.

பிள்ளை போனதும் மதி பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன.

"பயந்துட்டேங்க. போன் கீழ விழுந்து நனைஞ்சுபோச்சு. பாய எறக்கவே முடியல. ரேடியோவுல கூப்புடுறது கேக்குது, ஆனா சுக்கான விட்டுட்டுப் போக முடியல. நங்கூரம் போட்டப்புறம் ராத்திரி பூரா சங்கிலியத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன். அது அதிர்ந்துச்சுன்னா நங்கூரம் புடிக்கலன்னு அர்த்தம். புள்ள முன்னாடி அழக் கூடாதுன்னு சேமியா பாயசம் வச்சேன்."

"வித்துருவோம் மதி."

அவள் வாதாடுவாள் என்று நினைத்தேன். வாதாடவில்லை. "சரிங்க, வித்துருவோம்" என்றாள். எழுந்து படகைப் பார்த்து, "ஆனா நீங்க ஒரே ஒரு தடவ எங்ககூட வாங்க. எதை விக்கிறோம்னு பாத்துட்டு வித்துருங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு வீடியோ அழைப்பைப் படகிலிருந்தே பேசினோம். ஆத்தா திரையில் முதலில் பேத்தியைப் பார்த்தாள். மதியின் கையைக் காட்டச் சொன்னாள். பிறகு என்னிடம், "போன அங்கிட்டுத் திருப்பு" என்றாள்.

"எங்கிட்டு ஆத்தா?"

"தண்ணிப் பக்கம்."

திருப்பினேன். இணைப்புப் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. முகத்தைத் திரைக்கு மிக அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். படகை விற்றுவிடு என்று சொல்லப்போகிறாள், நான் மதியிடம் பேச வேண்டியதே இருக்காது என்று காத்திருந்தேன்.

"இனிமே கெளம்பையில எங்கிட்டச் சொல்லிட்டுப் போங்க" என்றாள். "தெரியாம பயந்துக்கிட்டுக் கெடக்குறது ரொம்பக் கஷ்டமா இருக்கு. நான் தெரிஞ்சே பயந்துக்கிறேன்."

விற்பதைப் பற்றி நாங்கள் அதற்குப் பிறகு பேசவில்லை. முடிவு எடுத்துவிட்டோம் என்றும் சொல்ல முடியாது. என் பயம் குறைந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். இப்போதும் தரைப்பலகையைத் தூக்கிப் பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், காற்று மெல்லியதாக இருந்தது. மூன்று பேரும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டோம். என் சட்டையின் பட்டையை ஓவியா இழுத்து இறுக்கி, "டைட்டா இருக்காப்பா?" என்று தமிழில் கேட்டாள். பாலத்தில் நின்று ஆத்தாவை அழைத்தேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"கெளம்புறோம் ஆத்தா."

"நீயுமா?"

"நானுந்தான்."

"சரி, போயிட்டு வாங்க" என்றாள். "நான் இங்கதான் இருக்கேன்."

மதி எஞ்சினைப் போட்டாள். இன்னும் ஒருமுறை தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து, நான் கயிற்றை அவிழ்த்தேன்.